கடற்கரைக் காவல் கட்டடங்கள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கடற்கரையில் கொத்தனாராக வேலையைத் தொடங்கி, இப்போது சின்னச் சின்ன ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்கிறேன். இறால் பண்ணைக்குக் காவல் கொட்டகை, உப்பளத்துக்குக் காவல் அறை, கேட் பக்கத்தில் செக்யூரிட்டி ரூம், ஒன்றிரண்டு கண்காணிப்புக் கோபுரம், இதுதான் என் வேலை. என் அப்பா வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் இரவுக் காவல் பார்த்தவர். அவருக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோன வயதிலிருந்தே அந்தக் கொட்டகைக்குள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போனிலும் நேரிலும் ஒரே மாதிரிக் கேள்விகள் வருவதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதி வைக்கிறேன்.

காவல் கட்டடம் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

ஒரு இடத்தைக் காக்கிற ஆள் நிற்பதற்கோ உட்காருவதற்கோ கட்டியது எல்லாமே காவல் கட்டடம்தான். புஞ்சைக்காட்டில் நான்கு கம்பு நட்டுப் போடும் பரண், இறால் குளத்துக் கரைமேல் இருக்கும் ஓலைக் கொட்டகை, சாலையில் இருக்கும் செக்போஸ்ட், அரண்மனை மதிலின் கொத்தளம், கடலோரக் காவல் நிலையம், தீவில் வனத்துறை போட்டிருக்கும் முகாம் எல்லாம் இதில் வரும். போலீஸ்காரர்கள் வாசலில் ஆள் நிற்பதைப் 'பாரா' என்பார்கள், இன்றைக்கும் 'பாரா டூட்டி' என்றுதான் பேச்சு. அளவும் பணமும் வேறு வேறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். உள்ளே இருப்பவன் வெளியே பார்க்க முடிய வேண்டும், விடியும் வரை அவனால் அங்கே இருக்கவும் முடிய வேண்டும். முதல் பாதியை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவது பாதியைக் கேட்பவர்கள் குறைவு, அதனால்தான் பாதிக் கோபுரங்களில் ஆள் இல்லை.

இந்தக் கரையில் இதெல்லாம் எப்போதிலிருந்து இருக்கிறது?

இந்தச் சீமையின் அரசர்களுக்கே சேதுபதி என்றுதான் பட்டம், சேதுவைக் காப்பவர் என்று அர்த்தம். ராமேஸ்வரத்துக்கு நடந்து வருகிற யாத்ரீகர்களுக்குக் காட்டுவழியில் பாதுகாப்புக் கொடுப்பது அவர்கள் பொறுப்பாக இருந்தது. முதலில் போகலூரில் இருந்த தலைநகரைக் கிழவன் சேதுபதிதான் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டினார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அதற்குத் துணையாக இருந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கோட்டையை 1772-இல் ஆற்காட்டு நவாபும் கும்பெனிப் படையும் சேர்ந்து பிடித்தார்கள். இன்றைக்கு அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்துக்குப் போனால் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சுவரின் கனத்தையும், உள்ளே நிற்பவனுக்கு வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள்.

கடலோரத்தில் இன்னும் பழையது வேதாளை. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் இருக்கிற ஊர். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அங்கே ஒரு சின்னக் கோட்டை வைத்திருந்தார்கள். 1549-இல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைத் துறவி கொல்லப்பட்டதும் அங்கேதான். ராமேஸ்வரம் போகிறவர்கள் எல்லாம் கடந்தாக வேண்டிய குறுகலான நிலம் அது, வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். இன்றைக்கும் இந்தப் பாதையில்தான் வண்டிகளைச் சோதிக்கிறார்கள். 470 வருஷம் கழித்தும் காவலுக்கு அதே இடம்தான் தோதாக இருக்கிறது.

கிராமங்களில் வேறு மாதிரி. ஊருக்குள் காவல் பார்ப்பது தலக்காவல், பல ஊர்களுக்கும் பாதைகளுக்கும் சேர்த்துப் பார்ப்பது திசைக்காவல். அந்தக் காவலர்களுக்குப் பெரிய கட்டடம் எதுவும் கிடையாது, சாவடித் திண்ணையே போதும்.

கோபுரம் எவ்வளவு உயரம் வைத்தால் சரியாக இருக்கும்?

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று வரும். மணலில் நிற்கும் ஆளுக்குக் கண் 1.6 மீட்டரில் இருந்தால் அடிவானம் நாலரைக் கிலோமீட்டர். 10 மீட்டர் உயரத்தில் தளம் போட்டு அதன்மேல் நின்றால் சுமார் 12 கிலோமீட்டர். 20 மீட்டர் போனால் இருமடங்கு ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள், 16-க்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். செலவு இருமடங்குக்கும் மேல் போகும், கிடைப்பது கூடுதலாக நாலு கிலோமீட்டர்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். அதில் பாதிக்குக்கூட 10 மீட்டர் கோபுரத்தின் கண் போகாது. ஆனால் அடிவானம் தெரிவது வேறு, அங்கே வருவது யார் என்று தெரிவது வேறு. ஒரு வள்ளம் மூன்று நாலு கிலோமீட்டருக்கு அப்பால் போனாலே வெறும் கண்ணுக்கு ஒரு கரும்புள்ளிதான். அதனால் பண்ணைக்கோ மீன் இறங்கும் கரைக்கோ 5, 6 மீட்டருக்கு மேல் கேட்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மிச்சப் பணத்தில் நல்ல பைனாகுலரும் சரியான படிக்கட்டும் போடலாம். படிக்கட்டு என்றுதான் சொல்கிறேன், செங்குத்து ஏணி வேண்டாம். செங்குத்து ஏணியில் ஐம்பது வயது ஆள் ராத்திரி இரண்டு தடவை ஏறுவார், மூன்றாவது தடவை கீழேயே உட்கார்ந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

போன வருஷம் கட்டியது இந்த வருஷம் ஏன் துருப்பிடிக்கிறது?

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் கரையில் காற்றோடு உப்பும் வரும். மரைக்காயர்பட்டினம் பக்கம் ஒரு காவல் அறைக்குக் கண்ணாடி ஜன்னல் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனேன். கண்ணாடி பால் பூசியது போல வெளுத்திருந்தது. விரலால் ஒரு கோடு இழுத்தேன், அந்தக் கோட்டு வழியாக மட்டும் கடல் தெரிந்தது. விரலை நாக்கில் வைத்தால் உப்பு. கண்ணாடியில் படிவது ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், கான்கிரீட்டில் படிவது உள்ளே இறங்கும். கம்பியைத் தொட்டதும் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் உள்ளிருந்து நெட்டித் தள்ளி, தூணில் நேர்க்கோடாக ஒரு வெடிப்பு விழும். அந்த வெடிப்பு கம்பி போகிற பாதையிலேயே போகும். அதைப் பார்த்தால் மேலே சிமெண்ட் பூசி மறைக்காதீர்கள், பூசியது அடுத்த வாடைக்காற்றுக் காலத்துக்குள் பொளபொளவென்று உதிரும்.

இந்தியத் தரக் கோட்பாடு ஐஎஸ் 456-இல் கடல்நீர்த் திவலை படும் இடங்களுக்கு என்று தனி வகையே இருக்கிறது. கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்35-க்குக் குறையக் கூடாது, கம்பிக்கு மேல் மூடும் கனம் 50 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஊர் நடுவில் வீடு கட்டுகிற பழக்கத்தில் 25 மில்லிமீட்டர் விட்டுக் கட்டிவிடுகிறார்கள். பலகையிலிருந்து கம்பியைத் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சின்னச் சிமெண்ட் கட்டைக்குப் பதிலாக ஜல்லித் துண்டை வைத்துக் கம்பியைத் தூக்குவார்கள், கலவை கொட்டும்போது ஜல்லி நகர்ந்து கம்பி பலகையிலேயே போய் உட்கார்ந்துவிடும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க உங்களுக்கு ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், கான்கிரீட் கொட்டுகிற அந்த நாளில் நில்லுங்கள். அப்புறம் மணல். கடற்கரை மணல் கையருகில் கிடக்கிறதே என்று ஒரு சட்டிகூட அள்ளக் கூடாது. கலப்பதற்கும் நனைப்பதற்கும் உவர்த்தண்ணீர் கூடாது. நல்ல தண்ணீர் லாரி வரவில்லை என்றால் வேலையை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

இரும்புக் கோபுரம் என்றால் முதலில் போவது வெல்டிங் மூட்டுகள். துண்டு துண்டாக ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், வாங்கி வந்து வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டிலேயே துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும். வெல்டிங்கை முடித்துவிட்டு முழுத் துண்டையும் துத்தநாகத்தில் முக்கி எடுக்க வேண்டும், இடத்தில் வைத்துப் போல்ட் போட்டுக்கொள்ளலாம். கைப்பிடிக்கு எவர்சில்வர் கேட்பவர்கள் 316 ரகம் கேளுங்கள், 304 நம் காற்றுக்குப் பழுப்புப் புள்ளி வைக்கும்.

ஒரு வேலையில் நானே அடிபட்டிருக்கிறேன். தொண்டிக்குத் தெற்கே ஒரு பண்ணைக்காரர் அவசரப்படுத்தினார் என்று, முக்கி எடுக்காத சாதாரண இரும்பில் பெயிண்ட் அடித்து ஆறு மீட்டர் கோபுரம் நிறுத்திவிட்டேன். மூன்றாவது வருஷம் மேலிருந்து இரண்டாவது படி காவலாளியின் காலடியில் உடைந்தது. அவர் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியதால் உயிர் தப்பினார், முட்டியில் பதினொரு தையல். அந்தப் படியை என் சொந்தச் செலவில் மாற்றினேன், அதற்கப்புறம் அவசரம் என்று யார் சொன்னாலும் முக்கி எடுக்காமல் இரும்பு நிறுத்துவதில்லை.

ஓலைக் கொட்டகை போதாதா?

பல இடங்களில் போதும், நல்லதும்கூட. பனையோலைக்கூரை வெயிலில் தகரத்தைப் போலக் கொதிக்காது, உப்பும் அதை ஒன்றும் செய்யாது. முதிர்ந்த பனையின் வைரம் பாய்ந்த கட்டை தூணுக்கு நின்றால் இரும்பைவிட நீண்ட நாள் நிற்கும். ஆனால் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்திருக்கிறது, அதனால் பழைய வீடு பிரிக்கும் இடத்தில் கட்டை வாங்குங்கள். இரண்டு குறை உண்டு: தீ, காற்று. சமைக்கும் அடுப்பைக் கொட்டகைக்கு வெளியே வையுங்கள்.

வாசலும் ஜன்னலும் எந்தப் பக்கம் வைப்பது?

நீங்கள் எந்தக் கடலில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தேவிபட்டினம், தொண்டி, எஸ்.பி.பட்டினம் எல்லாம் பாக் நீரிணைப் பக்கம், நாம் வடகடல் என்போம். ஏர்வாடி, கீழக்கரை, வாலிநோக்கம் மன்னார் வளைகுடா, தென்கடல். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் வைகாசியிலிருந்து ஆவணி வரை அப்படியே தலைகீழ். பாம்பன்காரர்கள் அதற்கேற்பக் கடல் மாறித் தொழில் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். வடகடல் கட்டடத்துக்கு வடகிழக்கிலும் தென்கடல் கட்டடத்துக்குத் தென்மேற்கிலும் கதவு வைக்காதீர்கள். பார்க்கும் ஜன்னல் கடலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், அதனால் அதற்கு மேல் மூன்றடி நீட்டிச் சன்ஷேடு போடுங்கள். கண்ணாடியை வெளிப்பக்கம் சாய்வாக, மேல் விளிம்பு முன்னால் வருகிற மாதிரி வைத்தால் உள்விளக்கு எதிரொளித்துக் கண்ணைக் கூசாது. விசைப்படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸின் கண்ணாடிகள் சிலவற்றை அப்படிச் சாய்த்து வைத்திருப்பதைப் பாருங்கள்.

ராத்திரி நல்ல வெளிச்சம் போட்டால்தானே காவல்?

வெளிச்சம் வெளியே இருக்கலாம், உள்ளே கூடாது. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். ஒரு தடவை டியூப் லைட்டைப் போட்டால் அந்தப் பழக்கம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. அப்பா அரிக்கன் விளக்கைத் தரையில் வைத்து, ஒரு பக்கம் பழைய தகர டப்பாவை வெட்டி மறைத்து வைத்திருப்பார். எனக்கு அப்போது காரணம் புரியவில்லை. இப்போது நான் முழங்கால் உயரத்தில் மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று போட்டுக் கொடுக்கிறேன், நோட்டில் எழுத அது போதும்.

இன்னொன்று, கடலைப் பார்த்து ஃபோகஸ் லைட் போடாதீர்கள், முக்கியமாகத் தை முதல் சித்திரை வரை. அப்போதுதான் பங்குனி ஆமை மணலில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். பொரித்த குஞ்சு வெளிச்சம் உள்ள பக்கம்தான் ஊர்ந்து போகும். கடல் பக்கம் போகாமல் உங்கள் கேட் பக்கம் வந்து காலையில் காய்ந்து கிடக்கும். விளக்கை நிலத்தைப் பார்த்துத் தாழ்த்தி மூடி போட்டு வைத்தால் இரண்டு வேலையும் நடக்கும்.

கடலோரக் காவல் நிலையம் வேறு, கோஸ்ட் கார்டு வேறா?

வேறுதான். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தமிழ்நாடு போலீஸின் பிரிவு, 1994-இல் தொடங்கியது. கரையும் கரையை ஒட்டிய கடலும் அவர்கள் பொறுப்பு. 2008 மும்பைத் தாக்குதலில் ஆட்கள் கடல்வழியாக வந்ததால் அதற்கப்புறம் நிலையங்களும் படகுகளும் கூடின. 'சாகர் கவச்' என்று ஒத்திகை நடத்தும்போது சந்தேகப்படும்படி ஆட்கள் வந்தால் யார் முதலில் சொல்கிறார்கள் என்று சோதிப்பார்கள். இந்தியக் கடலோரக் காவல்படை ஒன்றிய அரசுடையது, மண்டபத்தில் நிலையம் இருக்கிறது. உச்சிப்புளியில் இருப்பது கடற்படை விமானத் தளம், ஐஎன்எஸ் பருந்து. கடலோரப் போலீஸுக்கு 1093, கடலில் ஆபத்து என்றால் கோஸ்ட் கார்டுக்கு 1554. இந்த இரண்டையும் காவல் அறைச் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள், காகிதம் ஒட்டினால் ஈரத்தில் விழுந்துவிடும்.

இந்தத் தளங்களையும் கோபுரங்களையும் போட்டோ எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். எடுக்கக் கூடாது. ட்ரோனும் விடக் கூடாது.

தீவுகளில் யார் காவல்? நாம் போய்ப் பார்க்கலாமா?

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ரோந்து போகிறார்கள், பெரும்பாலும் நம் கடற்கரை ஊர்க்காரர்கள். அவர்கள் காப்பது பவளப்பாறையையும், கடல் அட்டை, கடல் குதிரை, கடற்பசு மாதிரி உயிர்களையும். கடல் அட்டை பிடிப்பது 2001-இலிருந்தே தடை. அனுமதி இல்லாமல் தீவில் இறங்கக் கூடாது. பார்க்க ஆசை என்றால் வனத்துறை நடத்தும் படகுச் சவாரியில் போங்கள்.

தீவுக் காவல் எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. தரையே நிலையில்லாத இடத்தில் கனமான கட்டடம் கட்ட முடியாது. கழற்றி மாட்டுகிற மாதிரி, கரையிலிருந்து வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோகிற மாதிரிதான் செய்ய வேண்டும்.

புயல் வந்தால் காவலாளி என்ன செய்வது?

இறங்கிப் போய்விட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அங்கே பவளக்கல்லில் கட்டிய மாதா கோயில் சுவரே இன்றைக்கு எலும்பு மாதிரி நிற்கிறது, உங்கள் செக்யூரிட்டி ரூம் எம்மாத்திரம்? பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் ஏறிவிட்டால் ஆளைப் புயல் பாதுகாப்பு மையத்துக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்புகிற பொறுப்பு யாருடையது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள், காவலாளியே கேட்கட்டும் என்று விட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் கேட்கவே மாட்டார். கட்டடத்தின் தரைமட்டத்தைச் சுற்றியுள்ள மணலைவிட மூன்றடியாவது தூக்கி வையுங்கள்.

சிசிடிவி இருக்கும்போது ஆளும் அறையும் எதற்கு?

கேமரா நல்லதுதான், நானே போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் மேலே சொன்ன அதே உப்பு லென்ஸிலும் படியும், வாரம் இரண்டு தடவை யாராவது துடைக்க வேண்டும். கரண்ட் போனால், ஒயரை அறுத்தால் அதோடு சரி. படகு எஞ்சின் சத்தம் நின்றுவிட்டது, நாய் குரைப்பது மாறியிருக்கிறது, காற்றில் மண்ணெண்ணெய் வாடை வருகிறது என்று ஆளுக்குத்தான் தெரியும்.

அறைக்குள் கட்டாயம் என்னென்ன வேண்டும்?

குடிதண்ணீர், கழிப்பறை, முதுகு சாய்க்கிற நாற்காலி, குறுக்கே காற்று போக இரண்டு திறப்பு. கழிப்பறை என்றதும் முகம் சுளிக்கிறார்கள். ஒரு இடத்தில் எட்டு லட்சத்துக்குக் கோபுரம் கட்டிவிட்டுக் கழிப்பறைக்கு நாற்பதாயிரம் இல்லை என்றார்கள். அங்கே காவலுக்கு வந்த பெண் ஒருவர் பன்னிரண்டு மணி நேர டூட்டிக்குத் தண்ணீரே குடிக்காமல் வந்து, இரண்டாவது மாதம் நீர்க்கடுப்பில் படுத்துவிட்டார். அப்புறம் அந்தக் கோபுரம் பூட்டியே கிடந்தது, மேலே காக்காய்தான் பாரா பார்த்தது. அவ்வளவு பணமும் கழிப்பறை இல்லாததால் வீணாகப் போனது. கட்டில் போட்டால் தூங்கிவிடுவார்கள் என்றும் பயப்படுகிறார்கள். இரண்டு ஆள் வைத்து மாற்றி மாற்றிப் படுக்க விடுங்கள், தூங்கி எழுந்தவன்தான் விழித்திருப்பான்.

அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

வேண்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் எந்த வகை நிலம் என்பதைப் பொறுத்து விதி மாறும். கல்லுக்கும் மண்ணுக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் உங்கள் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பழைய கோபுரம் ஒன்று இருக்கிறது. சரிசெய்யலாமா, இடிக்கலாமா?

ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துக்கொண்டு தூணைக் கீழிருந்து மேலே அரை அடிக்கு ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். கெட்டியாக 'டங்' என்றால் சரி, பொள்ளலாக 'டொப்' என்றால் உள்ளே கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது. பொள்ளல் கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் உடைத்து, கம்பியின் துருவை முழுக்கச் சுரண்டி, தரமான கலவையில் கட்டி எடுக்கலாம். ஒரு தூணைச் சுற்றி வட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் மேலே ஆளை ஏற்றாதீர்கள். அன்றைக்கே படிக்கட்டின் கீழ்ப் பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டி வாருங்கள்.